104 வருஷம் மண்ணுக்குள் மறைந்திருந்த பிளவு... யார் இந்த ரிச்சர்ட் ஓல்டம்?

பெங்களூரு - சேலம் ரூட்டில் போறவங்களுக்கு தொப்பூர் கணவாய்னாலே லாரி விபத்துதான் ஞாபகம் வரும். நிலநடுக்கம் நினைவுக்கே வராது. ஆனா மேட்டூர், தர்மபுரி சுற்றுவட்டாரத்தில் பல கோடி வருஷப் பழமையான பாறை முறிவுகள் இருக்கு. இமயமலைக்கு எவ்வளவு தள்ளி இருந்தாலும் நிலம் குலுங்கும். 1900 பிப்ரவரி 8-ல் கோவைப் பகுதியில் சுமார் 6 ரிக்டர் அளவில் குலுங்கியிருக்கு.

தட்டு எல்லையிலிருந்து தள்ளி, உள்நாட்டில் இருக்கும் பிளவுகளில் அழுத்தம் எப்படிச் சேருது? இந்தியாவில் இதற்குப் பெரிய துப்பை விட்டுச் சென்றவர் ரிச்சர்ட் டிக்சன் ஓல்டம்.

1858-ல் டப்ளினில் பிறந்தவர். அப்பா தாமஸ் ஓல்டம், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் முதல் தலைவர். மகனும் 1879-ல் அதே துறையில் சேர்ந்தார். 1869 காச்சார் நிலநடுக்கம் பற்றி அப்பா விட்டுப்போன அறிக்கையை வெளியிட்டதும் அவர்தான். குடும்பத் தொழில் மாதிரி!

1897 ஜூன் 12, சாயங்காலம் ஐந்தே கால் மணி வாக்கில் ஷில்லாங் பீடபூமி குலுங்கியது. அளவு சுமார் 8. ஊரே தரைமட்டம். இறந்தவர்கள் சுமார் 1,500 பேர்தான். பலரும் வீட்டுக்கு வெளியே இருந்த நேரம் என்பதால் தப்பித்தார்கள்.

ஓல்டம் நேரில் போய் அலைந்து பார்த்தார். மண்ணில் புதைந்திருந்த பாறாங்கற்கள் குழியைவிட்டு மேலே எகிறிக் கிடந்தன. செட்ராங் ஆற்றோரம் ஒரு பக்க நிலம் அதிகபட்சம் 10 மீட்டருக்கும் மேல் உயர்ந்திருந்தது. ஆனா அந்த ஒரு விரிசல் இவ்வளவு பெரிய பரப்பைக் குலுக்கியிருக்க முடியாதுன்னு அவருக்குத் தோன்றியது. 1860-களில் அளந்த மலையுச்சிகளை மறுபடி அளந்தபோது, அவை இடம் மாறியிருந்தது தெரிந்தது. எல்லாவற்றையும் 1899 அறிக்கையில் பதிவு செய்தார்.

காரணம் புரிய இன்னும் கொஞ்சம் காலம் ஆனது. 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தை ஆராய்ந்த ஹாரி ஃபீல்டிங் ரீட், 1910-ல் விளக்கினார். மூங்கில் குச்சியை மெதுவா வளைச்சுக்கிட்டே இருங்க. உடையும் வரை அது எதுவும் சொல்லாது. பாறையும் அப்படித்தான். பிளவின் இரு பக்கமும் நகரப் பார்க்கும், உராய்வு பிடித்து நிறுத்தும், சுற்றியுள்ள பாறை வளைந்து அழுத்தத்தைச் சேர்த்துக்கொள்ளும். பிடி விட்டுப்போனால் சில நொடிகளில் மொத்தமும் வெளியே வரும். ஷில்லாங்கில் அந்த நகர்வு வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான். அதனால் 1897 மாதிரி ஒன்றுக்கு, சில ஆயிரம் வருஷச் சேமிப்பு தேவை. மனுஷ ஞாபகத்தில் எதுவும் பதிந்திருக்காது, ஆபத்தே அங்கேதான்.

ஓல்டம் 1903-ல் இந்தியாவை விட்டுப் போனார். 1906-ல் நிலநடுக்க அலைகளை வைத்தே பூமிக்கு ஒரு மையக்கரு இருப்பதைக் காட்டினார். பாடப்புத்தகத்தில் அவர் பெயர் வருவது இதற்காகத்தான். 1936-ல் வேல்ஸில் இறந்தார்.

2001-ல் ரோஜர் பில்ஹாம், பிலிப் இங்கிலாந்து என்ற இரு ஆய்வாளர்கள் அந்தப் பழைய நில அளவைகளை மறுபடி கணக்கிட்டார்கள். பீடபூமியின் வடக்கு ஓரத்தில், சுமார் 110 கி.மீ. நீளத்துக்கு, தரைக்கு மேல் தலைகாட்டாத ஒரு பிளவு இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். எல்லோரும் இதை ஏற்கவில்லை, விவாதம் தொடருது. ஆனா அந்தப் பிளவுக்கு அவர்கள் வைத்த பெயர் ஓல்டம் பிளவு.