காஞ்சி தந்த அண்ணா

குட்டீஸ்! காஞ்சிபுரம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கோபுரங்கள், பட்டுச்சேலை, கோவில் இட்லி... இல்லையா? அந்த ஊரில், எளிய நெசவாளர் குடும்பத்தில், 1909 செப்டம்பர் 15ல் பிறந்தவர்தான் அறிஞர் அண்ணா. தந்தை நடராஜன், தாய் பங்காரு அம்மாள். செல்லமாக வளர்த்தவர், சிற்றன்னை ராஜாமணி அம்மாள்.

காஞ்சிபுரம் பச்சையப்பன் பள்ளியில் படித்தார். குடும்ப கஷ்டத்துக்காக, நகராட்சி அலுவலகத்தில் கொஞ்ச காலம் எழுத்தர் வேலையும் பார்த்தார். பின், சென்னை பச்சையப்பன் கல்லூரியில் எம்.ஏ., வரை படித்தார். கதை, நாடகம் எழுதினார். அவர் மேடையேறினால், கேட்க கூட்டம் அலைமோதும். 1967ல் முதல்வரானார். சென்னை மாநிலத்துக்கு, 'தமிழ்நாடு' என்று பெயர் சூட்டும் தீர்மானம், அந்த ஆண்டே சட்டசபையில் நிறைவேறியது.

ஆனால், 1968ல் அவருக்கு ஒரு பெரிய சோதனை வந்தது. உணவுக்குழாயில் புற்றுநோய்!

அது எவ்வளவு சிரமம் என்று புரிய, நம் வயிற்றுக்குள் ஒரு நடை போய் வருவோமா?

நீங்கள் விழுங்கும் இட்லி, தானாக கீழே விழுவதில்லை. உணவுக்குழாயின் தசைகள் அலை அலையாக சுருங்கி, அதை தள்ளிக்கொண்டே போகின்றன. ஏறக்குறைய 10 வினாடியில் இரைப்பைக்கு வந்துவிடும். அங்கே மாவு ஆட்டுவது போல் பிசைந்து, அமிலம் கலந்து, கூழாக்கும் வேலை நடக்கும். கூழ் தயாரானதும், இரைப்பையின் வாசல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறந்து விடும். முழுவதும் காலியாக, 2 முதல் 4 மணி நேரம் ஆகும். எண்ணெய் பலகாரம் என்றால் இன்னும் தாமதம்.

அடுத்தது சிறுகுடல். நீளம் சுமார் 6 மீட்டர். ரவிக்கைத் துணியோடு சேர்ந்த ஒரு காஞ்சிப் பட்டுச்சேலையின் நீளம்! தறியில் நாடா இப்படியும் அப்படியும் ஓடுவது போல், கூழ் முன்னும் பின்னும் அசைந்து கலக்கும். அப்போதுதான் சத்து ரத்தத்தில் சேரும்.

முதல் வாசலான உணவுக்குழாயிலேயே கட்டி வந்து அடைத்துக்கொண்டால், என்ன ஆகும்? சோறு இறங்காது; உடல் மெலிந்து போகும். அண்ணாவுக்கு வந்தது அப்படிப்பட்ட நோய்தான்.

1968 செப்டம்பரில், அமெரிக்காவின் நியூயார்க் நகரில், டாக்டர் மில்லர் அவருக்கு அறுவை சிகிச்சை செய்தார். ஊர் திரும்பிய அண்ணா, மீண்டும் பணிகளை கவனித்தார். 1969 ஜனவரி 14ல் மாநிலத்தின் பெயர், தமிழ்நாடு என்று ஆனது. அதைக் கண்ணால் பார்த்துவிட்டார். ஆனால், நோய் விடவில்லை. பிப்ரவரி 3ல், 59வது வயதில் மறைந்தார். லட்சக்கணக்கான மக்கள் கண்ணீர் விட்டனர்.

அண்ணாவுக்கு புகையிலை பழக்கம் இருந்தது. இந்த நோய்க்கான முக்கிய காரணங்களில் புகையிலையும் ஒன்று என்பதை மறக்காதீர்கள், குட்டீஸ்.

காஞ்சிபுரம் அருகே காரப்பேட்டையில், அவர் பெயரில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அவர் பிறந்த வீடும் நினைவு இல்லமாக உள்ளது. பட்டு வாங்கப் போகும்போது, அப்பாவிடம் சொல்லி அதையும் பார்த்து வாருங்கள். உங்கள் வீட்டில் தாத்தாவோ, பாட்டியோ, சாப்பாடு தொண்டைக்கு கீழே இறங்க மாட்டேன் என்கிறது என்று அடிக்கடி சொன்னால், உடனே டாக்டரிடம் அழைத்துப் போகச் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால், காப்பாற்ற வாய்ப்பு அதிகம்!