பெருமானாரின் வெள்ளைக் கோவேறு கழுதை

ஹிஜ்ரி 8, ஷவ்வால் மாதம் (கி.பி. 630). ஹுனைன் பள்ளத்தாக்கில் ஹவாஸின் கூட்டத்தார் மறைந்திருந்து அம்புமாரி பொழிய, தன் தொகையைக் கண்டு பெருமிதம் கொண்டிருந்த முஸ்லிம் படை சிதறியது. தப்பியோட நினைப்பவர் குதிரையைத் தேடுவார். பெருமானார் (ஸல்) அவர்களோ வெள்ளைக் கோவேறு கழுதையின் மீதமர்ந்து, எதிரிகளை நோக்கியே அதைச் செலுத்தினார்கள். சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்கள் கடிவாளத்தைப் பிடித்து அதன் வேகத்தைத் தடுக்க வேண்டியதாயிற்று. முன்பு வசைக்கவி பாடிய அபூஸுஃப்யான் இப்னு ஹாரிஸ் (ரலி) அவர்கள் அங்கவடியைப் பற்றியிருந்தார்கள். அப்பாஸ் (ரலி) அவர்களின் உரத்த குரல் கேட்டு ஸஹாபாக்கள் திரும்பினர், வெற்றி கிட்டியது.

ஹிஜ்ரி 11இல் வஃபாத்தானபோது பெருமானார் (ஸல்) அவர்கள் திர்ஹமோ தீனாரோ விட்டுச் செல்லவில்லை. ஆயுதங்களும், தர்மமாக்கிய நிலமும், ஒரு வெள்ளைக் கோவேறு கழுதையுமே எஞ்சின. சொத்துச் சேர்ப்பதிலேயே ஆயுளைக் கழிக்கும் நாம் இதைச் சிந்திக்க வேண்டாமா? போதுமென்ற மனத்தை வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.