இளந்தந்தை இம்மானுவேல் சேகரனார்

இராமநாதபுரம் மாவட்டம், முதுகுளத்தூரை அடுத்த செல்லூரில், 1924 அக்டோபர் 9 அன்று பிறந்தவர் தியாகி இம்மானுவேல் சேகரனார். இளமையிலேயே 1942 ஆகஸ்டுப் புரட்சியில் ஈடுபட்டுச் சிறை புகுந்தார். பின்னர் இராணுவத்தில் சேர்ந்து அவில்தாராக உயர்ந்தார். நிலையான ஊதியம் இருந்தும், நம் மக்கள் பட்ட இழிவைப் பொறாமல் அப்பதவியைத் துறந்து ஊர் திரும்பினார். சிற்றூர்தோறும் சென்று இளைஞரைத் திரட்டித் தீண்டாமையை எதிர்த்தார்.

1957 செப்டம்பர் 10 அன்று மாவட்ட ஆட்சியர் கூட்டிய அமைதிக் கூட்டத்தில், ஏனைய தலைவர்களுக்கு நிகராக அமர்ந்து நம்மவர்க்காகப் பேசினார். மறுநாள் இரவே பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 32. நான்கு பெண் மக்கள் தந்தையை இழந்தனர். 2010இல் மைய அரசு அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.

இளைஞர்களே! இன்று அவைகளில் நாம் அமரும் இருக்கைக்கு அக்குழந்தைகள் கொடுத்த விலை பெரிது. கல்வியால் அதனைக் காப்போமாக!