ஆல்பிரட் நோபெல் எழுதிவைத்த மரணசாசனம்

செல்வம் ஈட்டுதற்கு வேண்டிய அறிவு வேறு. ஈட்டியதைத் தமக்குப் பின் ஒழுங்குபெற வைத்தற்கு வேண்டிய அறிவு வேறு. முன்னது நிரம்பியோர் பலர் பின்னதில் இடறக் காண்கின்றோம். தந்தையின் கருமாதி முடிந்த மறுவாரமே தமையன் ஒரு வக்கீலையும் தம்பி மற்றொரு வக்கீலையும் நாடிச் செல்லும் காட்சி நம் மரபினர் குடும்பங்களிலும் அரிதன்று. ஆதலின், உலகறிந்த செல்வராகிய ஆல்பிரட் நோபெல் என்பாரின் சரிதத்தை, அவர் எழுதிய உயிலை முன்னிறுத்தி இத்திங்கள் எழுதப் புகுந்தோம்.

நோபெல் 1833-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் சுவீடன் தேசத்துத் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில் பிறந்தார். தந்தையார் இம்மானுவேல் தொழிலில் நொடித்து ருஷிய தேசம் சென்று மீண்டும் தலையெடுத்தவர். ஒன்பதாம் அகவையில் அங்குச் சென்ற ஆல்பிரட், ஆசிரியரை இல்லத்திற்கே வருவித்துக் கற்பிக்கப்பெற்று, ஐந்து மொழிகளில் வல்லவரானார். 1864-இல் வெடிமருந்துச் சாலையில் நேர்ந்த விபத்தில் இளவல் எமில் மாண்டார். அதன் பின்னரும் அவ்வாராய்ச்சியைக் கைவிடாது, 1867-இல் டைனமைட் என்னும் வெடிபொருளுக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பெற்ற காப்புரிமைகள் 355. தொழிற்சாலைகள் பல தேசங்களிற் பரவின, பொருள் குவிந்தது. மனைவியும் இலர், மக்களும் இலர். உடன்பிறந்தார் மக்களே உரிமைச் சுற்றத்தார்.

இவர் 1893-இல் ஓர் உயில் எழுதினார். அதில் சுற்றத்தார்க்கும் நண்பர்க்கும் சொத்தில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறித்திருந்தார். பின்னர் மனம் மாறி, 1895-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் நாள், பாரிஸ் மாநகரில் நால்வர் சாட்சிகள் முன்னிலையில் வேறோர் உயிலிற் கையொப்பமிட்டார். சுற்றத்தார் பங்கு அதிற் பெரிதும் சுருங்கிற்று. எஞ்சிய பெருஞ்செல்வமனைத்தையும் பணமாக்கி, நம்பகமான முதலீட்டில் இட்டு, அதன் வட்டியை ஐந்து கூறாக்கி, பௌதிகம், இரசாயனம், மருத்துவம், இலக்கியம், சமாதானம் ஆகிய துறைகளில் மக்கட்குப் பெருநன்மை புரிந்தார்க்கு ஆண்டுதோறும் பரிசாக வழங்குக என்பதே அதன் கருத்து. பரிசு பெறுவார் எந்நாட்டினர் என்று நோக்கற்க என்றும் விதித்தார். நோக்கத்தின் உயர்வை யாம் எவ்வளவு புகழினும் தகும்.

ஆயின் எழுதிய முறை அத்தகையதன்று. வக்கீல்கள்பால் நம்பிக்கையற்ற அவர், சட்டமறிந்தார் ஒருவரையும் கலவாது தம் கையாலேயே எழுதினார். பத்திரம் எழுதுவோனுக்குத் தரும் கூலியை மிச்சம் பிடித்துப் பின்னர்க் கோர்ட்டுக் கட்டணமாகப் பன்மடங்கு செலுத்துவார் நம்மூர்களிலும் உளர். அவர்க்காவது பொருளின்மை ஒரு காரணமாம், இவர்க்கு அதுவும் இன்று. அன்றியும், அவ்வளவு பொருளையும் பெற்று ஆளவேண்டிய தரும ஸ்தாபனம் ஒன்றும் அப்போது இல்லை. உயிலும் அதனை நிறுவும் வகை கூறவில்லை. பரிசுக்குரியாரைத் தேரும் பொறுப்பைச் சுவீடன் தேசத்துக் கழகங்கள் மூன்றனுக்கும், நோர்வே தேசத்துச் சட்டசபை தெரிந்தெடுக்கும் ஐவர் குழுவுக்கும் வைத்தார். அவர்தம் இசைவை உயிருடனிருக்கையிற் கேட்டாரல்லர். உயிலை நிறைவேற்றுவோர் இருவருள் ஒருவராகிய ராக்னர் ஸோல்மன் என்னும் உதவியாளர்க்கு வயது இருபத்தாறு. தாம் நியமிக்கப்பட்ட செய்தியையே அவர் நோபெல் இறந்த பின்னர்த்தான் அறிந்தார். மற்றவராகிய லில்யெக்விஸ்ட், நோபெலொடு நெருங்கிப் பழகியவருமல்லர்.

1896-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் இத்தாலி தேசத்து ஸான் ரெமோவில் நோபெல் உயிர்நீத்தார். விட்டுச்சென்ற பொருள் மூன்று கோடியே பத்து லட்சம் குரோனருக்கு மேற்பட்டது. அது பல தேசங்களிற் சிதறிக் கிடந்தது. இறந்தவர் எத்தேசத்துக் குடியினர் என்னும் வினாவே முதற்கண் எழுந்தது. பதினெட்டாண்டு அளவில் பாரிஸில் வாழ்ந்தவர். ஆங்கு அவர்க்கு மாளிகையும் உண்டு. ஆண்டைச் சட்டப்படி தீர்க்கப்படின் வரியும் மிகும், உயிலும் வீழ்தல் கூடும். இதனையறிந்த உறவினர் சிலர் பிரெஞ்சு நீதிமன்றத்தையே நாட முயன்றனர். நிறைவேற்றுவோரோ, இறுதிக்காலத்தில் அவர் பூபோர்ஸ் என்னும் சுவீடன் ஊரில் இல்லம் அமைத்திருந்தமையைக் காட்டி, அப்பகுதியின் கார்ல்ஸ்கூகா நீதிமன்றமே உரியது என்று நிலைநாட்டினர். ருஷியக் குதிரைகளை அவர் ஆங்கு வைத்திருந்ததும் ஒரு சான்றாயிற்று என்பர்.

இதற்கிடையே ஸோல்மன் செய்த செயல் கதைபோலும். பாரிஸ் வங்கிகளில் இருந்த பங்குப் பத்திரங்களைச் சிறிது சிறிதாக எடுத்து, வாடகைக் குதிரைவண்டியில் ஏற்றி, கைத்துப்பாக்கியும் கையுமாகத் தாமே உடனமர்ந்து, சுவீடன் தூதரக மனைக்குக் கொணர்ந்தார். அங்கிருந்து பெட்டிகளிற் கட்டி அயல்நாடு அனுப்பினார். உறவினர் தடையுத்தரவு தேடிய காலையில் அப்பத்திரங்கள் எல்லை கடந்திருந்தன.

ஆயினும் இத்தருமத்தைக் காத்தவர் ஸோல்மன் ஒருவரே என்று யாம் சொல்லோம். நோபெலின் தமையனார் லுட்விக் என்பாரின் மகன் இம்மானுவேல், அக்குடும்பத்தின் ருஷிய எண்ணெய்த் தொழிலை நடத்திவந்தவர். சிறிய தந்தையார் பங்கை விற்றுவிடின் அத்தொழிலே ஆட்டங்காணும் நிலை. அங்ஙனமிருந்தும் உயிலை எதிர்க்க உடன்பட்டிலர். சுவீடன் அரசர் இரண்டாம் ஆஸ்கார் அவரை நேரில் அழைத்து, குடும்ப நலனைக் கருதுமாறு வற்புறுத்திய போதும், அறிஞர்க்கு உரிய பொருளைத் தம் உடன்பிறந்தார் கவர்ந்தனர் என்னும் பழிக்கு அவர்களை ஆளாக்க விரும்பேன் என்று மறுத்துவிட்டார். தமக்கு வரக்கூடிய பெருஞ்சொத்தை இறந்தவரின் எண்ணத்தின் பொருட்டுத் துறப்பார் எத்துணைப் பேர்! பரிசு பெற்றார் பெயர்களை மனனம் செய்யும் எம் மாணாக்கர்க்கு இவர் பெயரையும் யாம் சொல்லிவைப்பதுண்டு.

எதிர்த்து நின்ற உறவினரும் 1898-இல் ஒரு தொகை பெற்றுக்கொண்டு சமாதானமாயினர். அதன் பயனாகவே உயிலில் இல்லாத விதிகள் வகுக்கப்பட்டன; பொருளைக் காக்க ஒரு ஸ்தாபனமும் ஏற்பட்டது. அவ்விதிகளுக்கு அரசாங்க ஒப்புதல் கிடைத்தது 1900-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள். முதற்பரிசுகள் நோபெல் இறந்த ஐந்தாம் ஆண்டு நிறைவில், 1901 டிசம்பர் 10-இல் வழங்கப்பெற்றன. நம் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. இராமன் பௌதிகப் பரிசை 1930-இல் பெற்றார். அதற்கு முந்திய ஆண்டு முதல் 1946 வரை அந்த ஸ்தாபனத்தை நிருவகித்தவர், குதிரைவண்டியில் பத்திரங்களைக் காத்துச்சென்ற அதே ஸோல்மன்.