ஆய்வக எலிகளின் பூர்வீகம்: யார் இந்த அபி லாத்ராப்?

1868-ல் பிறந்த அபி லாத்ராப், அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் கோழிப்பண்ணை வைத்தார். அது கைகொடுக்கல. அடுத்து, வீட்டில் வளர்ப்போருக்காகச் சுண்டெலி விற்றார். வாங்க வந்ததோ விஞ்ஞானிகள்! சில எலிகளுக்குக் கட்டி வந்ததைக் கவனித்தவர், நோயியலாளர் லியோ லோபுக்குத் தெரிவித்தார். அவை புற்றுக்கட்டிகள். இருவரும் சேர்ந்தே ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார்கள்.

1918-ல் லாத்ராப் இறந்தார். 1921-ல் அவர் பண்ணை வழிவந்த 57-ம் எண் பெண் எலியிலிருந்து உருவானதுதான், இன்றும் ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் ‘சி57பிஎல்’ வகை.

இதில் ஒரு சிக்கலும் இருக்கு. லாத்ராப் வளர்த்தவற்றில் ஜப்பானிய வளர்ப்பு எலிகளும் உண்டு. அதனால் ஆய்வக எலியின் மரபணுவில் பெரும்பகுதி மேற்கு ஐரோப்பியத் துணையினம். மீதி ஆசியக் கலப்பு. காட்டில் அப்படியே காணக்கூடிய எலி அல்ல அது. அதனால்தான் மரபணு வேறுபாட்டை ஆராய, காட்டு எலிகளையும் தேடிப் பிடிக்கிறார்கள்.