சென்னையில் சிறுகோள் தேடிய போக்சன்

நிலவில்லாத இரவில் லைட் ஹவுஸ் குப்பத்துக் கரையில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், நம் பழவேற்காட்டு ஏரியின் மேல் எத்தனை விண்மீன்கள் என்று. வெள்ளி முளைத்ததைக் கண்டு வலையெடுத்துப் புறப்பட்ட தாத்தாக்கள் நம் வீடுகளில் உண்டு. ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பினால் கோரைக்குப்பமும் கூனங்குப்பமும் போட்டது போட்டபடி வாசலுக்கு வந்துவிடும். 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 புறப்பட்டதையும் நாம் அப்படித்தான் பார்த்தோம். ஆனால் அந்த ராக்கெட்டுகளுக்கு நூறு ஆண்டுகளுக்கும் முன்பே, இங்கிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தெற்கே நுங்கம்பாக்கத்தில், இதே வானத்தை இரவுதோறும் துருவித் துருவிப் பார்த்த ஒருவரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்தான் நார்மன் ராபர்ட் போக்சன்.

போக்சன் 1829-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் பிறந்தார். பதினெட்டு வயதுக்குள் இரண்டு வால்நட்சத்திரங்களின் பாதையைக் கணக்கிட்டுவிட்டார் என்றால் அவர்தம் கணிதத் திறனைப் பற்றி வேறு சொல்ல வேண்டியதில்லை. பின்னர் ஆக்ஸ்போர்டில் ராட்கிளிஃப் வானாய்வு நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். 1856-இல் அங்கே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்கு ஐசிஸ் என்று பெயர் வந்தது. அது அவருடைய மூன்று வயது மகளின் பெயர். இந்தச் சிறுமியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வருவாள்.

அதே ஆண்டில் அவர் செய்த இன்னொரு வேலை உலகமெங்கும் இன்றும் பயன்படுகிறது. கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களை ஒளிக்கேற்ப முதல் தரம் முதல் ஆறாம் தரம் வரை பிரிப்பது பழைய வழக்கம். முதல் தர விண்மீன் ஆறாம் தரத்தைவிட 100 மடங்கு ஒளியுடையது என்று கொண்டால், ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 2.512 மடங்கு என்று போக்சன் அளவு வகுத்தார். வகுப்பில் இதைப் படிக்கும்போது அவர் பெயரையும் சேர்த்துப் படிக்கலாம்.

1861 தொடக்கத்தில் அரசு வானியலாளராகச் சென்னைக்கு வந்தார். நுங்கம்பாக்கம் வானாய்வு நிலையம் 1792-இலேயே எழுந்தது. தமிழிலும் தெலுங்கிலும் பிற மொழிகளிலும் எழுத்துப் பொறித்த அதன் கருங்கல் தூண், இன்று வானிலை மையம் இருக்கும் வளாகத்தில் நிற்கிறது. வந்த சில வாரங்களிலேயே, ஏப்ரல் 17 அன்று, போக்சன் ஒரு புதிய சிறுகோளைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அது. ஆகவே அதற்கு ஆசியா என்றே பெயரிட்டார்.

எப்படிக் கண்டார்? அக்காலத்தில் இவ்வேலைக்குப் புகைப்படம் வரவில்லை. நம் ஏரியைப் பாடு பாடாகப் பிரித்துக்கொள்வது போல, வானத்தைச் சிறு சிறு பகுதிகளாக எடுத்துக்கொண்டு, தொலைநோக்கியில் தெரியும் ஒவ்வொரு புள்ளியையும் வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். வரைபடத்தில் இல்லாத புள்ளி தென்பட்டால் அடுத்த இரவும் அதைத் தேடிப் பார்க்க வேண்டும். அது இடம் மாறியிருந்தால் விண்மீன் அல்ல, சூரியனைச் சுற்றி வரும் ஒரு பாறை. இடையில் மேகம் வந்துவிட்டால் கைக்கு வந்த மீன் நழுவினாற்போல்தான். இத்தகைய வேலையில் போக்சன் 1864-இல் சாஃபோவையும், 1866-இல் சில்வியாவையும், 1868-இல் கமில்லாவையும் கண்டார். அடுத்ததான வேரா 1885-இல்தான் கிடைத்தது. பதினேழு ஆண்டு இடைவெளி! நிலையத்தில் ஆட்கள் குறைவு. உதவிக்கு ஆள் கேட்டு அவர் எழுதியும் போதிய உதவி வரவில்லை. எடுத்த அளவீடுகள் அச்சேறாமல் குவிந்தன. அவற்றில் பல, அவர் காலமான பின்னரே வெளிவந்தன.

அவருக்கு வாய்த்த தலைசிறந்த உதவியாளர் நம் நாட்டவரான சிந்தாமணி ரகுநாதாசாரி. 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். இவரைப் பற்றித் தனியே எழுத வேண்டும், இங்கே இடமில்லை.

இந்தப் பாறைத் துண்டுகளால் என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். 460 கோடி ஆண்டுகளுக்கு முன் சூரியனைச் சுற்றியிருந்த தூசியும் வாயுவும் திரண்டு கோள்களாயின. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் இருந்தவை மட்டும் வியாழனின் ஈர்ப்பால் அலைக்கழிக்கப்பட்டு, ஒரு கோளாகத் திரள முடியாமல் துண்டுகளாகவே நின்றுவிட்டன. வீடு கட்டி முடித்த பின் கொல்லையில் கிடக்கும் செங்கலையும் மணலையும் பார்த்தே அது எதனால் கட்டப்பட்டது என்று சொல்லிவிடலாம் அல்லவா? போக்சன் கண்ட சில்வியாவுக்கு இரண்டு துணைக்கோள்கள் உண்டு என்று 2005-இல் அறிவித்தார்கள். இரண்டு துணைக்கோள்கள் உடையதாக அறியப்பட்ட முதல் சிறுகோள் அதுவே. அவை சுற்றும் வேகத்தைக் கொண்டு சில்வியாவின் எடையைக் கணக்கிட்டபோது, அதன் அடர்த்தி தண்ணீரைவிடச் சற்றே அதிகம் என்று தெரிந்தது. அதாவது அது ஒரே பாறை அல்ல. மோதி உடைந்தவை மீண்டும் ஒட்டிய, உள்ளே இடைவெளிகள் நிறைந்த குவியல். சென்னையில் ஒரு புள்ளியாகத் தெரிந்ததன் உள்ளே இவ்வளவு இருந்தது.

இனி அந்தச் சிறுமி. எலிசபெத் ஐசிஸ் போக்சன் சென்னையில் தந்தையோடு வளர்ந்து, தாயார் மறைந்த சில ஆண்டுகளில், 1873-இல் வானாய்வு நிலையத்தில் கணக்கிடும் பணியில் சேர்ந்தார். இருபத்தைந்து ஆண்டுகள் அங்கே உழைத்தார். 1881 முதல் சென்னை மாகாணத்தின் வானிலைப் பதிவுகளையும் அவரே கவனித்தார். 1886-இல் இலண்டன் ராயல் வானியல் கழகத்துக்கு மகளின் பெயரைப் போக்சன் முன்மொழிந்தார். கழகத்தின் சாசனத்தில் உறுப்பினரைக் குறிக்குமிடமெல்லாம் ஆண்பால் சொல்லே இருப்பதால் பெண்ணைச் சேர்க்கச் சட்டம் இடந்தராது என்று வழக்கறிஞர்கள் கூறிவிட்டனர். பதின்மூன்று ஆண்டு உழைப்பு ஒரு சொல்லுக்கு முன் நிற்கவில்லை. சாசனத்தை எழுதியவர்கள் பெண்களை எண்ணிப் பார்க்கவேயில்லை என்பதுதான் நமக்குத் தோன்றுவது.

போக்சன் 1891 ஜூன் மாதத்தில் சென்னையிலேயே காலமானார். முப்பது ஆண்டுகளாக இங்கேயே இருந்துவிட்டார். அதே ஆண்டு டிசம்பரில் ஜெர்மனியில் மாக்ஸ் வோல்ஃப் என்பவர் புகைப்படத் தகட்டின் மூலம் முதன்முதலாக ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். இன்று அறியப்பட்ட சிறுகோள்கள் பத்து லட்சத்துக்கும் மேல். அவற்றில் எட்டு, போக்சன் தம் கண்ணால் தேடி எடுத்தவை.

ஐசிஸ் 1898-இல் ஓய்வு பெற்றார். மறு ஆண்டு வானாய்வுப் பணி கொடைக்கானலுக்கு மாறியது. அவர் இங்கிலாந்து சென்று, 1902-இல் மணம் புரிந்துகொண்டார். ராயல் வானியல் கழகம் 1916-இல் பெண்களுக்குக் கதவு திறந்தது. 1920-இல் அவர் பெயர் மீண்டும் முன்மொழியப்பட்டது. இம்முறை மறுப்பு இல்லை. அப்போது அவருக்கு வயது 68. அவர் பெயர் தாங்கிய சிறுகோளோ, நான்கு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் ஒரு சுற்று என்ற கணக்கில், அதற்குள் பதினாறு முறைக்கும் மேல் சூரியனைச் சுற்றி வந்திருந்தது.