ஒரு பைசாவுக்கு ஓர் உரையாடல்: அயோத்திதாசரும் அச்சு ஊடகமும்

தொழில்நுட்பம் மனிதரை மையமாகக் கொள்ள வேண்டும் என்று இன்று பலரும் சொல்லக் கேட்கிறோம். எந்த மனிதரை என்று கேட்போர் சிலரே. அச்சையும் தபாலையும் கொண்டு அக்கேள்வியை எதிர்கொண்டவர் அயோத்திதாசப் பண்டிதர்.

1845இல் பிறந்த அவருடைய இயற்பெயர் காத்தவராயன். தம் ஆசிரியரின் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டார்; சித்த மருத்துவராக வாழ்ந்தார். 1898இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவியதும், சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டதும் நம் வாசகர் அறிந்தவையே.

1907 ஜூன் 19 அன்று இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழ் வெளிவந்தது. அன்று ஒரு ரூபாய்க்கு 64 பைசா. விலையையே பெயராக்கியதை வெறும் விளம்பர உத்தியாக நாம் கருதவில்லை. கூலி உழைப்பாளியின் கைக்கு எட்டுமாறு அச்சு ஊடகத்தை வடிவமைத்த செயல் அது. இதில் அவர் முதல்வர் அல்லர். 1893இலேயே இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கியிருந்தார். மறு ஆண்டு பண்டிதரின் இதழ் ‘தமிழன்’ எனப் பெயர் சுருங்கியது.

இதழின் உயிர் வினா விடையில் இருந்தது. வரலாறு, சமயம், சடங்கு குறித்து வாசகர் எழுதிக் கேட்டனர். பண்டிதர் அச்சில் விடையளித்தார். கோலார் தங்கவயல், இரங்கூன், தென்னாப்பிரிக்கா எனப் பிழைப்புக்காகச் சிதறியோர் ஒருவரையொருவர் இதழ்வழி அறிந்தனர். ஊருக்குள் கேள்வி கேட்கவே உரிமையற்றிருந்த ஒருவருக்கு அச்சில் மரியாதையான மறுமொழி கிடைப்பதை மருத்துவரான அவர் நலவாழ்வின் ஒரு பகுதியாகவே கண்டிருப்பார் என எண்ணுகிறோம்.

எனினும், அந்த வட்டம் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. துப்புரவுத் தொழிலில் தள்ளப்பட்ட சாதியினரைத் தம் மக்களிடமிருந்து வேறுபடுத்தியே அவர் எழுதினார். எந்த மனிதர் என்ற கேள்வி இங்கே அவரை நோக்கியும் திரும்புகிறது. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

1914இல் அவர் மறைந்தார். பின்னர் கோலார் தங்கவயல் பௌத்தர்கள் இதழை மீண்டும் நடத்தினர். அன்பு பொன்னோவியம் போன்றோர் பாதுகாத்த பழைய இதழ்களின் துணையால் 1999இல் ஞான. அலாய்சியஸ் பண்டிதரின் எழுத்துகளைத் தொகுத்தார். அத்தொகுப்பில் பண்டிதரின் விடைகளோடு, கேட்டவர்களின் கேள்விகளும் நமக்குக் கிடைக்கின்றன.